உன்னைய ஆரு தேடறாங்க கண்ணு?

ஏங்கண்ணு, மொகத்தை இப்படித் தொங்கப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கறே? கட் ஆப் கைய விட்டுப் போச்சா? கவுன்சிலிங்ல நீ கேட்ட காலேஜு கெடைக்கலையா? இல்ல, உள்ள போயி ரெண்டு வருசம் இருந்துட்டு, அரியரை மூட்டை கட்டிக்கிட்டு ஊடு வந்து சேந்துட்டயா? எதா இருந்தாலும் சரி. சித்த நேரம் இந்தத் திண்ணையில உக்காரு. அந்தப் போனை அக்கட்டால வை. அது எங்கயும் ஓடிப் போயிராது.

நீ படற வெசனத்தைப் பாத்தா எனக்குச் சிரிப்புத்தான் வருது. கோவிச்சுக்காத. தப்பு உன்ற மேல இல்ல. ஊரே சேந்து உன்னையப் பயமுறுத்தி வெச்சிருக்குது. யுகேஜி முடிச்ச கொழந்தைக்குக் கருப்பு அங்கி மாட்டறாங்க. தலையில சதுரத் தொப்பி. கையில சுருட்டுன காயிதம். பட்டமளிப்பு விழாவாமா! அந்தப் புள்ளைக்கு மூக்குத் தொடைக்கத் தெரியல, பட்டம் மட்டும் வாங்கிருச்சு. அப்பனும் ஆயாளும் போட்டோ எடுத்துச் செவுத்துல மாட்டிக்கறாங்க. அதுக்கப்பறம் பன்னெண்டு வருசம், பட்டம் இல்லாட்டி சோறு இல்லைன்னு காதுக்குள்ள ஓதறாங்க. புள்ளை நம்பாம என்ன பண்ணும்?

செரி, பட்டம் வாங்குனவங்க எல்லாம் எங்க போறாங்கன்னு பாத்தயா? 2019 ல நம்ம கோயமுத்தூர் மாநகராட்சியில தூய்மைப் பணியாளர் வேலைக்கு ஆள் எடுத்தாங்க. 549 எடம். 7,000 பேரு போல மனுப் போட்டாங்க. வரிசையில நின்னவங்கள்ல இஞ்சினியரு இருந்தாங்க, எம்எஸ்சி இருந்தாங்க, டிப்ளமோ இருந்தாங்க. அதுக்கு முந்துன வருசம் குரூப் 4 பரீச்சை. 9,351 எடத்துக்கு 20 லட்சம் பேருக்கு மேல மனு. அந்த வேலைக்குக் கேட்டது பத்தாவது. எழுத வந்தவங்கள்ல பிஎச்டி முடிச்சவங்களும் உண்டு.

தெருக் கூட்டற வேலையக் கேவலம்னு நான் சொல்ல வரல. அப்படிச் சொல்றவன் வாயிலயே குப்பையக் கொட்டோணும். அவங்க ரெண்டு நாள் வரலைன்னு வெச்சுக்க, மூணாம் நாள் ஊரு மூக்கப் புடிச்சுக்கிட்டு நிக்கும். கலெக்டரே எறங்கி வந்து கெஞ்சுவாரு. ஆனா அந்த வேலைக்கு நாலு வருசம் தெர்மோடைனமிக்ஸ் எதுக்கு? பேங்குக் கடன் எதுக்கு? அதைத்தான் கேக்கறேன்.

நான் படிச்சவன் இல்ல. எனக்குத் தெரிஞ்ச அளவுகோலு ஒண்ணே ஒண்ணு. நீ ரெண்டு நாள் வேலைக்கு வரலைன்னா ஆருக்கு வேலை நிக்கும்? உன்னைய ஆரு தேடுவாங்க? எத்தனை போன் வரும்? இதுக்குப் பதில் வெச்சிருக்கறவன் பொழச்சுக்குவான். அவன் பேருக்குப் பின்னால எழுத்து இருந்தா என்ன, இல்லாட்டி என்ன?

எங்கூரையே எடுத்துக்க. சித்திரை வெயிலு. கெணறு அடியில கெடக்குது. போர்ல தண்ணி வருதோ காத்து வருதோ தெரியல. கரண்டுல ஒரு பேசு போயிட்டு வருது. மோட்டாரு பொகஞ்சு காயில் கருகிப் போச்சு. தோப்புல தென்னை வாடுது, பட்டியில மாடு கத்துது. அப்ப ஆரைத் தேடுவோம்? எம்எல்ஏவையா? மாவட்டக் கல்வி அதிகாரியையா? காயில் கட்டறவனைத்தான் தேடுவோம். அவனுக்குப் போன் போட்டா எடுக்க மாட்டான். எடுத்தா, "வரிசையில பத்துப் பதனஞ்சு மோட்டாரு கெடக்குதுங், நாளான்னிக்குப் பாக்கறனுங்" அப்படிங்கறான். தோட்டம், தொரவு, டிராக்டரு எல்லாம் வெச்சிருக்கற பண்ணாடி அவன் கடை வாசல்ல ஸ்டூல் போட்டு உக்காந்து, "சாமி, இன்னிக்கு மட்டும் பாத்துக் குடு சாமி"ன்னு கெஞ்சறாரு. அவன் ஒம்பதாவதோ பத்தாவதோ. நான் கேட்டதில்ல. ஆருமே கேட்டதில்ல. செம்புக் கம்பி எந்த அளவு, எத்தனை சுத்து, எந்த முனையை எதோட சேக்கோணும்னு அவனுக்குத் தெரியும். தப்பாச் சேத்தா மோட்டாரு தலகீழாச் சுத்தும், இல்லாட்டி மறுபடியும் கருகும். அவ்வளவுதான் அவனுக்குப் பரீச்சை. மறுமதிப்பீடு எல்லாம் கெடையாது.

அதே தெருவுல எம்பிஏ படிச்ச தம்பி ஒருத்தன் இருக்கறான். நல்ல பையன். தங்கமான கொணம். நாலு வருசமா வேலை தேடறான். அவன்தான் தேடறான். அவனை ஆரும் தேடல. ரெண்டு பேருக்கும் அதுதான் வித்தியாசம்.

தேங்கா போடறவங்க கதையச் சொல்லவே வேண்டாம். பொள்ளாச்சிப் பக்கம் போயி, "மரமேற ஆள் கெடைக்குமுங்களா?"ன்னு ஒரு வார்த்தை கேளு. தோப்புக்காரரு அழுதுருவாரு. ஆள் இல்லாத கொறையில, தென்னை வளர்ச்சி வாரியமே 2011 ல இருந்து மெசின் வெச்சு மரமேறப் பயிற்சி குடுக்குது. "தென்னை மரங்களின் நண்பர்கள்"னு அதுக்குப் பேரு. ஆறு நாள் பழக்கம். நண்பனா ஆகறதுக்குக் கூட நுழைவுத் தேர்வு கெடையாது, பாத்துக்க.

நீ ஒடனே துள்ளிக் குதிக்காத. "பாத்தீங்களா அப்பாரு, டிகிரியே வேண்டாம்! நானும் அதைத்தான் சொன்னேன்!" அப்படின்னு கையத் தட்டற பாரு, அந்த எடத்துலதான் உன்ற காதப் புடிக்கோணும். டிகிரி வேண்டாம்னா படிப்பே வேண்டாம்னு ஆரு சொன்னது?

இந்தப் போன்ல ஒரு கூட்டம் சுத்துது. கோட்டுப் போட்டுக்கிட்டு, வாடகைக் காருக்கு முன்னால நின்னுக்கிட்டு, "பில் கேட்ஸ் காலேஜை விட்டவரு, நீயும் விடு"ங்கறாங்க. அவரு விட்டது நெசந்தான். 1975 ல விட்டாரு. எந்தக் காலேஜு? ஹார்வர்டு! அதுக்குள்ள போறதுக்கே தலகீழா நிக்கோணும். பள்ளிக்கூடத்துப் பையனா இருக்கறப்பவே ராத்திரி பகலாக் கம்ப்யூட்டர்ல கெடந்து பழகுனவரு. வெளிய வர்றப்ப கையில வேலை இருந்துச்சு. நீ வெளிய வர்றப்ப கையில என்ன இருக்குது? அதே போனு. அதுல அவரைப் பத்துன ரீல்ஸு.

நம்மாளு ஒருத்தரைச் சொல்றேன். ஜி.டி. நாயுடு. கோயமுத்தூருக்குப் பக்கத்துல கலங்கல்ங்கற ஊருல 1893 ல பொறந்தாரு. பள்ளிக்கூடத்துக்கும் அவருக்கும் ஒத்து வரல. ஒரு வெள்ளைக்கார அதிகாரி ஓட்டிட்டு வந்த மோட்டார் சைக்கிளைப் பாத்தாரு. அதுல மயங்கிட்டாரு. சரி, மயங்குனதோட நின்னாரா? அதுக்குப் பக்கத்துல நின்னு போட்டோ எடுத்தாரா? ஹோட்டல்ல சர்வர் வேலை பாத்துக் காசு சிலுவாடு சேத்து அந்த வண்டியவே வாங்கிட்டாரு. வாங்குனவரு ஓட்டறதுக்கு முந்தி கழட்டுனாரு. ஒவ்வொரு சாமானாக் கழட்டி, மறுபடியும் மாட்டுனாரு. அதுதான் அவரு படிச்ச காலேஜு. 1920 ல பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் பஸ்ஸு விட்டாரு. 1937 ல பாலசுந்தரம் நாயுடுவோட சேந்து இந்த நாட்டுலயே மொதல் மின் மோட்டாரு செஞ்சாரு. அதுக்கு அஞ்சு வருசம் முந்திதான் பைக்காராவுல இருந்து கரண்டு வந்திருந்துச்சு. கரண்டு வந்துருச்சு, கெணத்துல தண்ணி இருக்குது, நடுவுல ஒண்ணு கொறையுதுன்னு கண்டுபுடிச்ச மூளை அது. இன்னிக்கு இந்தியா பூராவும் ஓடற பம்புசெட்டுல நெம்ப நம்மூருப் பட்டறையில இருந்து போறதுன்னா, சும்மாவா?

இன்னொண்ணு கேளு. அந்த மனுசன் 1945 ல தொழில்நுட்பக் காலேஜு ஒண்ணு தொடங்கறதுக்குக் காரணமா இருந்தாரு. அதுதான் இன்னிக்கு அரசு தொழில்நுட்பக் கல்லூரின்னு நிக்குது. நாலு வருசப் படிப்பை ரெண்டு வருசத்துல சொல்லித் தரலாம், பசங்க காலத்தை வீணடிக்காதீங்கன்னு வாதாடுனாரு. சர்க்காரு கேக்கல. அவரும் வெலகிட்டாரு. படிப்பை வெறுத்தவரா இருந்தா காலேஜு எதுக்கு ஆரம்பிக்கறாரு? அவரு வெறுத்தது ஒக்காந்து தேய்க்கற படிப்பை.

அந்தக் காலம் வேறன்னு சொல்லுவே. சரி, நம்ம காலத்து ஆளு. அருணாசலம் முருகானந்தம். பதனாலு வயசுல பள்ளிக்கூடத்தை விட்டவரு. வெல்டிங் பட்டறையில வேலை. பொம்பளைக மாசத் துணிக்குப் படற பாட்டைப் பாத்து, கம்மி வெலையில நாப்கின் செய்யற மெசினைக் கண்டுபுடிச்சாரு. ஊரே கிறுக்கன்னு சிரிச்சுது. 2016 ல பத்மஸ்ரீ. அவரு கையில வெல்டிங் தெரியாம இருந்திருந்தா, அந்த ரோசனை ரோசனையாவே செத்துப் போயிருக்கும். ரோசனை எல்லாருக்கும் வருது கண்ணு. உனக்குக் கூடக் குளிக்கறப்ப வரும். அதை இரும்புல செஞ்சு காட்டத் தெரியோணுமல்ல?

இப்ப வேலைக்கு வா. கோயமுத்தூர்ல கணபதி, பீளமேடு, குறிச்சின்னு எந்தப் பக்கம் போனாலும் லேத்துச் சத்தம் கேக்கும். இப்பெல்லாம் சிஎன்சி மெசினு. நீ அங்க போறே. ஒரு ஆளு மெசினுக்குள்ள இரும்பை வெக்கறான், கதவைச் சாத்தறான், பச்சைப் பொத்தானை அமுக்கறான். வெளிய எடுக்கறான். மறுபடியும் வெக்கறான். "அட, இவ்வளவுதானா? ஒரு வாரத்துல கத்துக்கலாமே!"ங்கறே. கத்துக்கலாம். ஒரு வாரத்துல நீ கத்துக்கற வேலைய அடுத்த வாரம் வர்றவனும் ஒரு வாரத்துல கத்துக்குவான். பீகார்ல இருந்து ரெண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல ரயில்ல நின்னுக்கிட்டு வர்ற பையன் உன்னைய விடச் சுருக்காக் கத்துக்குவான். அவனுக்குப் பசி இருக்குது. உனக்கு அம்மா கட்டிக் குடுத்த லெமன் சோறு இருக்குது.

அவன் பக்கத்துல இன்னொரு ஆளு நிக்கறாரு பாரு. கையில டிராயிங். அவருதான் செட்டரு. எந்த டூலு, எவ்வளவு வேகம், எவ்வளவு ஆழம், புரோகிராம்ல எந்த எண்ணை மாத்தோணும்னு அவரு சொல்லோணும். தலைமசிரு தடிமன் 50 மைக்ரானுக்கு மேல இருக்கும். அங்க பேச்சு அஞ்சு மைக்ரான், பத்து மைக்ரான். அளவு தவறுனா ஒரு தட்டு பூராவும் பழைய இரும்புக் கடைக்குப் போகும். அவரு ஒரு நாள் வரலைன்னா மொதலாளிக்குப் பேதியாகும். மெசினு ஒண்ணுதான். சம்பளமும் மருவாதியும் ஒண்ணில்ல. பொத்தான் அமுக்கறவனா சேரு, தப்பில்ல. பத்து வருசம் கழிச்சும் பொத்தான்லயே விரல வெச்சிருந்தயின்னா, அப்பறம் டிகிரி இல்லாதது மேல பழி போடாத.

திருப்பூருலயும் இதே பாடம்தான். வருசத்துக்கு 30,000 கோடி ரூபாய்க்கு மேல பனியன் துணி வெளிநாட்டுக்குப் போற ஊரு. கைமடிக்குன்னு உள்ள போனா, அப்பறம் சிங்கரு, ஓவர்லாக்கு, பேட்லாக்குன்னு ஏறலாம். நெம்பப் பேரு அங்கயே பீஸ் ரேட்டுல நின்னுக்குவாங்க. கண்ணு இருக்கறவன் கட்டிங் மேசையைப் பாப்பான். துணியை நூறு அடுக்குப் போட்டு வெச்சுக் கட்டிங் மாஸ்டரு கத்தி வெக்கறப்ப, அந்த ரூம்ல ஆரும் பேச மாட்டாங்க. ஒரு அங்குலம் வெலகுனா நூறு சட்டை போச்சு. அதுக்கும் மேல பேட்டர்ன் மாஸ்டரு. காயிதத்துல ஒரு தோள்பட்டை வரையறாரு, அமெரிக்காக்காரனுக்கு அது சரியா உக்காருது. அவரைக் கம்பெனிக்காரங்க ஒருத்தருக்குத் தெரியாம ஒருத்தரு கூப்புட்டுப் பேசுவாங்க. நம்ம கட்சித் தலைவருங்களைக் கூட அப்படிக் கூப்புடறதில்ல.

நாமக்கல்லு லாரி பாடி, கரூரு பஸ் பாடி, திருச்செங்கோட்டு போர் வண்டி, இதையெல்லாம் நீயே போயிப் பாத்துக்க. சொல்லிக்கிட்டே இருந்தா பொழுது போயிரும். கம்ப்யூட்டருதான் வேணும்னு அடம் புடிச்சாலும் வழி இருக்குது. ஜோகோ கம்பெனி இருவது வருசமா பன்னெண்டாவது, டிப்ளமோ முடிச்ச பசங்களை எடுத்து, பீஸ் வாங்காம, கையில காசு குடுத்துச் சொல்லித் தருது. ஆனா அங்கயும் வாசல்ல வடிகட்டறாங்க. டிகிரி கேக்க மாட்டாங்க, மூளை கேப்பாங்க. எது சுளுவுன்னு நீயே முடிவு பண்ணிக்க.

"செரி அப்பாரு, எங்க போயிக் கத்துக்கறது?" இப்பத்தான் கேள்வி கேக்கற மாதிரி கேக்கறே.

ஐடிஐன்னு ஒண்ணு இருக்குது. அந்தப் பேரைச் சொன்ன ஒடனே மூஞ்சிய ஏன் சுளிக்கறே? வெளக்கெண்ணெ குடிச்சயா? அரசு ஐடிஐயில படிப்புக்குக் காசில்ல. மாசம் 750 ரூபா உதவித்தொகை, சைக்கிளு, பொஸ்தகம், சீருடை எல்லாம் அவங்களே குடுக்கறாங்க. பிட்டரு, டர்னரு, மெசினிஸ்டு, எலக்ட்ரிசியன் எல்லாம் ரெண்டு வருசம், பத்தாவது முடிச்சிருக்கோணும். வெல்டரு ஒரு வருசம், எட்டாவதே போதும். அரசுப் பள்ளியில ஆறாவதுல இருந்து படிச்சிருந்தா, பொம்பளைப் புள்ளைக்குப் புதுமைப் பெண், பையனுக்குத் தமிழ்ப் புதல்வன்னு மாசம் 1,000 ரூபா ஐடிஐக்கும் உண்டு. 71 அரசு ஐடிஐயில டாடா டெக்னாலஜிஸோட சேந்து ரோபோ, சிஎன்சின்னு புது மெசினா எறக்கியிருக்கறாங்க. உன்ற மாமன் படிச்ச காலத்து ரம்பமும் அரமும்னு நெனச்சுக்காத. அரமும் உண்டு. அரம் புடிக்காம எந்த மெசினும் புடிபடாது.

ஐடிஐ முடிச்சா கதவு சாத்திருச்சுன்னும் இல்ல. ரெண்டு வருச ஐடிஐக்காரன் பாலிடெக்னிக்குல நேரா ரெண்டாம் வருசம் சேரலாம். டிப்ளமோ முடிச்சவன் பிஇயில நேரா ரெண்டாம் வருசம் சேரலாம். அப்ப அந்தப் பையனும் இஞ்சினியருதான். ஸ்பேனரு எது, கட்டிங் பிளேயரு எதுன்னு தெரிஞ்ச இஞ்சினியரு. ரயில்வேயில உதவி லோகோ பைலட்டு வேலைக்குப் பத்தாவதும் ஐடிஐயும் இருந்தாப் போதும். ஆயிரம் பேரை ஏத்திக்கிட்டு ராத்திரியில ஓடற ரயிலு என்ஜின்ல தொணைக்கு இருந்து, பொறகு தானே ஓட்டற வேலை அது. நீ ஏறிப் படுத்துத் தூங்கறியே, என்னிக்காச்சும் முன்னால போயி "டிரைவரண்ணா, நீங்க என்ன டிகிரி?"ன்னு கேட்டிருக்கறயா?

அப்பறம் அப்ரண்டீஸ். 1961 லயே சட்டம் போட்டு வெச்சிருக்கறாங்க. 30 பேரு அதுக்கு மேல வேலை செய்யற கம்பெனி தொழில் பழகுநரைக் கட்டாயம் எடுக்கோணும், உதவித்தொகை குடுக்கோணும். சென்னைப் பெட்டித் தொழிற்சாலையில, திருச்சி பெல்லுல, நெய்வேலியில எல்லாம் வருசா வருசம் எடுக்கறாங்க. காசு குடுத்துக் கத்துக்கறதுக்கும் காசு வாங்கிக்கிட்டுக் கத்துக்கறதுக்கும் வித்தியாசம் தெரியாட்டி, நீ பிகாம் சேந்துக்க.

எல்லாம் சொன்னேன். ஒண்ணு மட்டும் நீ கேக்க மாட்டேன்னு தெரியும், இருந்தாலும் சொல்றேன். தொழில் கைக்கு வர்றதுக்கும் நாலஞ்சு வருசம் ஆகும். தென்னம்பிள்ளை வெச்ச மறுநா எளநி கேக்கறாப்பல மூணாம் மாசமே, "மொதலாளி சம்பளம் ஏத்தல"ன்னு நிக்காத. மொத வருசம் டீ வாங்கிட்டு வரச் சொல்லுவாங்க. வாங்கிட்டு வா. போறப்பவும் வர்றப்பவும் ஆரு என்ன செய்யறாங்கன்னு பாத்துக்கிட்டே போ. டீ வாங்கறதுக்கு மட்டும்தான் கூப்புடறாங்க, மெசின் பக்கத்துலயே விட மாட்டேங்கறாங்கன்னு ஆறு மாசத்துக்கு மேல தோணுச்சுன்னா, அடுத்த பட்டறையப் பாரு. ரோசம் வேணும். ஆனா ஆறு நாள்ல வர்றது ரோசமில்ல, சோம்பல்.

பட்டறைக்காரங்க எல்லாம் உத்தமருன்னும் நெனச்சுறாத. உன்ற தாத்தன் பேசறதுல இதைத்தான் கெட்டியாப் புடிச்சுக்கோணும். சேரறதுக்கு முந்தி ஈஎஸ்ஐ உண்டா, பிஎப் புடிப்பீங்களான்னு கேளு. கேட்டா மூஞ்சி மாறுற எடத்துல நிக்காத. பவுண்டரியில மொகமூடி இல்லாம மண்ணுல நின்னயின்னா நெஞ்சு போயிரும். இப்பத் தெரியாது, நாப்பது வயசுல தெரியும். வெல்டிங்ல கண்ணாடி இல்லாம வெறுங்கண்ணுல பாத்தா அன்னிக்கு ராத்திரி கண்ணத் தொறக்க முடியாது. மூணு வருசம் வேலை செய்யி, கடேசியில கல்யாணத்துக்கு மொத்தமாப் பணம் தர்றோம்னு சொல்லி, நம்ம ஜில்லா மில்லுகள்ல வயசுப் புள்ளைகளை உள்ள அடைச்சு வெச்சாங்களே, சுமங்கலித் திட்டம்னு மங்களகரமாப் பேரு வெச்சு! மாசா மாசம் கையில குடுக்காத சம்பளம் சம்பளமில்ல. அப்பறம், ஆறு மாசக் கோர்ஸு, லட்ச ரூபா பீஸு, நூறு சதவீதம் வேலை உத்தரவாதம்னு பெரிசா பிளக்ஸ் வெச்சிருக்கறவனைக் கண்டா ஒரே கேள்வி கேளு. "போன வருசம் முடிச்சவங்க நாலு பேரு நம்பரு குடுங்ணா." அவன் அதுக்கப்பறம் உன்ற நம்பரையே மறந்துருவான்.

அம்மிணி, நீ எங்க நழுவறே? உனக்குந்தான் சொல்றேன். பேட்டர்ன் மாஸ்டருன்னா மீசை இருக்கோணும்னு எந்தச் சட்டத்துல எழுதியிருக்குது? எலக்ட்ரிசியன் பொம்பளையா இருந்தா கரண்டு வர மாட்டேங்குமா? ஒண்டியா ஊட்டுல இருக்கற பொம்பளைக எத்தனை பேரு, ஏசி ரிப்பேருக்கு வெளியாளை உள்ள விடப் பயந்துக்கிட்டு வேர்வையில உக்காந்திருக்கறாங்க தெரியுமா? அங்க ஒரு தேடல் இருக்குதல்ல? அதைப் புடி.

கடேசியா பெரிய கேள்விக்கு வருவோம். உன்ற மனசுல இருக்கறது எனக்குத் தெரியும். வாயத் தொறந்து சொல்ல மாட்டே. "டிகிரி இல்லாட்டி பொண்ணு குடுப்பாங்களா?"

குடுக்க மாட்டாங்க. ஒளிச்சு என்ன ஆகப் போகுது? நம்ம பக்கம் மாப்பளை பாக்கறதுல நடக்கற கூத்து எந்தச் சினிமாவுலயும் இல்ல. "மாப்பளை பிஇங், இப்ப வேலை பாத்துக்கிட்டிருக்காருங்." பாத்துக்கிட்டிருக்காருன்னா தேடிப் பாத்துக்கிட்டிருக்காருன்னு அர்த்தம். அது சம்மதம். சொந்தமா ரெண்டு லேத்து, நாலு ஆளு, பேங்குக் கணக்குல காசு, ஜாதகம் பொருந்துது. "பட்டறைக்காரருங்களா? கையில எண்ணெய் அழுக்கு இருக்குமுங்களே." அது வேண்டாம். கையில எண்ணெய் சோப்புப் போட்டாப் போயிரும். கடன் எந்தச் சோப்புக்குப் போகும்? தரகரும் லேசுப்பட்டவரில்ல. பட்டறை வெச்சிருக்கறவனை "மேனுபேக்சரிங் லைன்"ங்கறாரு. மாடு வெச்சிருக்கறவனை "டெய்ரி பிசினஸ்"ங்கறாரு. போன வைகாசியில மெக்கானிக்கு ஒருத்தனை "ஆட்டோமொபைல் கன்சல்டன்ட்"னு சொல்லி முடிச்சே வெச்சுட்டாரு. புள்ளை இன்னிக்கு அவன் கடையில கணக்கு எழுதுது, நல்லாத்தான் இருக்கறாங்க.

அதுக்கும் ஒரு வழி வெச்சிருக்கறேன். கையில தொழில் ஏறி, காசு பொழங்க ஆரம்பிச்ச பொறகு, தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம்னு 2002 ல இருந்து நடத்தறாங்கல்ல, அதுல ஒரு பிஏவோ பிகாமோ சேந்துக்க. ஞாயித்துக்கெழமை படி. பத்திரிகையில பேருக்குப் பின்னால போட்டுக்க. மாமனாருக்கும் சந்தோசம், அச்சடிக்கறவனுக்கும் ரெண்டு எழுத்துக் கூட. எகத்தாளமாச் சொல்றேன்னு நெனச்சுக்காத. அந்தப் படிப்புல ஜிஎஸ்டி பில்லு போடவும், இங்கிலீசுல வர்ற மெசின் பொஸ்தகத்தைப் புரட்டவும் தெரிஞ்சுக்கிட்டயின்னா, பட்டறை ரெண்டு மடங்கு ஆகும். கணக்குத் தெரியாம நொடிச்சுப் போன நல்ல வேலைக்காரங்களை நான் நெம்பப் பாத்திருக்கறேன். வேலையில கையி சுத்தம், கணக்குல காலி. முத்ராக் கடனுக்குப் பேங்குக்குப் போனாலும் மேனேஜரு உன்ற கையப் பாக்க மாட்டாரு, கணக்கைத்தான் பாப்பாரு.

இன்னொண்ணையும் சொல்லிப் போடறேன். டாக்டருக்குப் படிக்கோணும், வக்கீலுக்குப் படிக்கோணும், வாத்தியாருக்குப் படிக்கோணும், கலெக்டருக்குப் பரீச்சை எழுதறதுக்கே டிகிரி வேணும். உனக்கு அதுல நெசமாலுமே ஆசை இருந்தா, கடன் வாங்கியாச்சும் படி. அப்பாரு சொன்னாருன்னு ஆஸ்பத்திரிக்கு அப்ரண்டீஸாப் போயி நின்னுறாத. நான் சிரிக்கறது படிக்கறவனைப் பாத்து இல்ல. என்ன படிக்கறோம், எதுக்குப் படிக்கறோம்னு தெரியாம, பக்கத்து ஊட்டுப் பையன் சேந்தான்னு சேர்றவனைப் பாத்து.

நீ எந்தப் பக்கம்னு எனக்குத் தெரியாது. உனக்கே இன்னம் தெரியாது. அதனால இப்பவே பெரிசா முடிவு எல்லாம் எடுக்காத. பத்தாவது மார்க்கு சீட்டு, மாற்றுச் சான்றிதழு, சாதிச் சான்றிதழு, ஆதாரு நாலையும் ஒரு பையில போட்டு வை. பத்தாவது ரிசல்ட் வந்த கையோட ஐடிஐக்கு மனு வாங்க ஆரம்பிச்சுருவாங்க. அதுக்குள்ள, நம்ம ஊட்டு மோட்டாரைத் தூக்கிக்கிட்டு நாளைக்குக் காத்தால காயில் கட்டறவன் கடைக்குப் போ. குடுத்துட்டு ஓடியாறாத. பொழுது சாயற வரைக்கும் அங்கயே உக்காந்து பாரு. புடிச்சுதுன்னா மறுநாளும் போ. புடிக்கலைன்னா அடுத்த வாரம் லேத்துப் பட்டறை, அதுக்கடுத்த வாரம் வெல்டிங்கு. பாக்கறதுக்கு ஆரும் பீஸ் வாங்கறதில்ல.

ஆனா பத்து மணிக்கு எந்திரிச்சா ஆகாது சாமி. கடை எட்டரைக்கே தொறந்துருவான்.